சின்னப் பொருளை நிறுக்க எந்தத் தராசு? 100 வெள்ளிக்குள் நான்கு வகை

ஷோப்பி, லஸாடா போன்ற இணையக் கடைகளில் 'மினி ஸ்கேல்' என்று தேடினால் பக்கம் பக்கமாகக் கொட்டும். பத்துப் பன்னிரண்டு வெள்ளியில் (மலேசிய ரிங்கிட்) தொடங்கி 100 வெள்ளிக்குப் பக்கம் வரை போகும். படத்தில் எல்லாம் ஒரே அச்சு: பளபளவென்று ஓர் எஃகுத் தட்டு, நீல வெளிச்சத்தில் எண்கள், தட்டின்மேல் ஒரு மோதிரம். எல்லாருமே 'மிகத் துல்லியம்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அதனால் வாங்குகிறவர் கண்ணுக்குப் படுவது புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பது ஒன்றுதான். மூன்று இலக்கம் என்றால் உசத்தி, ஒன்று என்றால் மட்டம். இந்தக் கணக்கில் வாங்கினால் காசும் கூடப் போகும், வேலைக்கும் ஒத்துவராது.

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முன்னால் மூன்று பேருக்குத் தராசு தேவைப்பட்டது. அண்ணி வீட்டிலேயே தேங்காய் எண்ணெய் சோப்பு போடுகிறார். பட்டர்வொர்த்தில் இருக்கும் மாமாவுக்கு அத்தையின் நகைகளை ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். தம்பி காப்பிப் பைத்தியம். பொடியையும் தண்ணீரையும் நிறுக்காமல் ஒரு குவளை போடமாட்டான். மூவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, "எது நல்லது?" மூவருக்கும் பதில் வேறு வேறு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் நிறுக்கப் போவதில் ஆகச் சிறியது எத்தனை கிராம் என்று பாருங்கள். அதை நூறால் வகுங்கள். தராசு குறைந்தது அந்த நுணுக்கத்துக்காவது காட்ட வேண்டும். 100 கிராமுக்கு மேல்தான் நிறுப்பேன் என்றால் 1 கிராம் தராசு போதும். 10 கிராம் என்றால் 0.1 வேண்டும். 1 கிராம் என்றால் 0.01. கடைசி இலக்கம் ஒன்று முன்பின் ஆடினாலும் பிசகு ஒரு விழுக்காட்டுக்குள் நிற்கும். மலிவுத் தராசில் கடைசி இலக்கம் இரண்டு மூன்றுகூட ஆடும் என்பதால், இந்தக் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைத் தராசு: 5 கிலோ, 1 கிராம்

எஸ்எஃப்-400 என்ற பெயரில் எங்கு பார்த்தாலும் கிடக்கும் அந்த வெள்ளை பிளாஸ்டிக் தராசு இந்த வகைதான். அதில் 10 கிலோ என்றே எழுதியிருக்கும். பெரும்பாலும் 20 வெள்ளிக்குள் முடிந்துவிடும். முறுக்கு மாவு, அதிரசத்துக்கு வெல்லம், கேக்குக்கு வெண்ணெய், இதற்கெல்லாம் தாராளம். 'சின்னப் பொருள்' என்று வந்துவிட்டால் மட்டும் இதை மறந்துவிடுங்கள். 3 கிராம் ஈஸ்ட்டை இதில் நிறுப்பதும் கண்மதிப்பில் போடுவதும் ஒன்றுதான்.

எங்கே இது கைவிடும் என்பதற்குச் சோப்புக் கணக்கு நல்ல உதாரணம். 1 கிராம் தேங்காய் எண்ணெயைச் சோப்பாக்க ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா போக வேண்டும். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால்தான் தோலுக்கு நல்லது என்று சோடாவை 5 விழுக்காடு குறைத்துப் போடுவது வழக்கம். 500 கிராம் எண்ணெய்க்கு அப்படிக் கணக்குப் போட்டால் 87 கிராம் சோடா. அதில் 1 கிராம் கூடினால் ஒரு விழுக்காடு சொச்சம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அண்ணி புது வாசனையைச் சோதிக்கும்போது 100 கிராம் எண்ணெயில்தான் போடுவார். அதற்குச் சோடா 17.4 கிராம். அதே 1 கிராம் இங்கே கூடினால் 18.4. எண்ணெய் முழுவதையும் சோப்பாக்கவே 18.3 போதும். அதாவது மிஞ்ச வேண்டிய எண்ணெய் மிஞ்சாமல், மிஞ்சக் கூடாத சோடா மிஞ்சிவிடும். அதைத்தான் பிறகு முகத்தில் தேய்க்க வேண்டும்.

மேசைத் தராசு: 3 கிலோ, 0.1 கிராம்

காப்பித் தராசு, பேக்கிங் தராசு என்றெல்லாம் விற்பது இது. பெயரில்லாத சீனத் தயாரிப்புகள் 30 முதல் 60 வெள்ளி. டனிட்டா போன்ற ஜப்பானிய பெயர்களுக்குப் போனால் 100-ஐத் தாண்டிவிடும். வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம், நான் இங்கே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வீட்டு வேலைக்கு என்னைக் கேட்டால் இந்த நாலில் ஆக உருப்படியானது இதுதான். அண்ணியின் 17.4 கிராம் இதில் 17.4 என்றே வரும். அதே தராசில் அரைக் கிலோ எண்ணெயைக் கண்ணாடிப் பாத்திரத்தோடு வைத்து நிறுக்கலாம். தம்பியின் 15 கிராம் காப்பிப் பொடிக்கும் 0.1 ஏகப் போதும். காப்பித் தராசு என்றால் நேரம் காட்டும் கடிகாரமும் கூடவே இருக்கும். அதற்காகப் பத்து வெள்ளி கூடக் கேட்பார்கள். கைப்பேசியில் அதே கடிகாரம் இருக்கிறதே என்று நான் சொன்னதைத் தம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சோடா நிறுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் ஈரக் காற்றில் காஸ்டிக் சோடா திறந்து வைத்த சில நிமிடத்திலேயே தண்ணீரை இழுத்து ஒட்ட ஆரம்பிக்கும். எண் மெல்ல ஏறினால் தராசு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், ஏறுவது தண்ணீரின் எடை. அளந்ததும் டப்பாவை மூடிவிடுங்கள். அலுமினியக் கிண்ணத்தில் மட்டும் நிறுக்காதீர்கள், சோடா அதை அரித்துவிடும்.

சட்டைப்பைத் தராசு: 0.01 கிராம்

படத்தில் மோதிரம் வைத்திருப்பது இதுதான். 15 வெள்ளியிலிருந்து 35 வரை. மூடியைத் திறந்தால் தட்டு, அந்த மூடியையே கவிழ்த்தால் கிண்ணம். 100 கிராம், 200 கிராம், 500 கிராம் என்று மூன்று கொள்ளளவில் வரும். விலை வித்தியாசம் சில வெள்ளிதான் என்பதால் எல்லாரும் 500-ஐ எடுத்துவிடுவார்கள். நான் எடுக்கமாட்டேன். காரணம் இருக்கிறது.

கொள்ளளவை நுணுக்கத்தால் வகுத்தால் அந்தத் தராசு எத்தனை படிகளைப் பிரித்தறிய வேண்டும் என்பது கிடைக்கும். 5 கிலோ, 1 கிராம் என்றால் 5,000 படிகள். 100 கிராம், 0.01 என்றால் 10,000. அதே 0.01-இல் 200 கிராம் என்றால் 20,000, 500 கிராம் என்றால் 50,000. தராசுகளுக்கான அனைத்துலக விதிமுறையில், கடைகளில் பார்க்கும் மூன்றாம் வகுப்புத் தராசுக்கு அதிகபட்சமே 10,000 படிகள்தான். அதற்கு மேல் போனால் விலை கூடிய இரண்டாம் வகுப்பு. அது 1,00,000 வரை போகலாம். அப்படியிருக்க 25 வெள்ளித் தராசு 50,000 படிகளைப் பிரித்துக் காட்டுகிறேன் என்றால், திரையில் காட்டும், உள்ளே எடையை உணரும் லோட் செல்லுக்கு அது தெரியாது. எண் 0.02, 0.03 என்று தாவித் தாவிப் போவது இதனால்தான். ஆகவே சட்டைப்பைத் தராசில் கொள்ளளவு குறையக் குறைய நம்பிக்கை கூடும். உங்கள் பொருள் 100 கிராமுக்குள் அடங்கினால் 100-ஐயே வாங்குங்கள். கொஞ்சம் கூடினால் 200.

இன்னொரு குணம் இதற்கு உண்டு. ஈஸ்ட்டையோ குங்குமப்பூவையோ சிட்டிகை சிட்டிகையாகத் தூவிப் பாருங்கள், எண் 0.00-லேயே நிற்கும். தராசு பழுதில்லை. வெப்பம் மாறினால் லோட் செல் தானாகவே கொஞ்சம் நகரும். அதை மறைக்க, பூஜ்யத்துக்கு அருகில் மெதுவாக வரும் சின்ன மாற்றத்தையெல்லாம் தராசே விழுங்கிப் பூஜ்யமாக்கிவிடும்படி செய்திருக்கிறார்கள். நீங்கள் தூவும் குங்குமப்பூவையும் அது அப்படித்தான் விழுங்குகிறது. இதற்கு வழி சுலபம். ஒரு 50 சென் நாணயத்தைத் தட்டில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கும் டேர் பட்டனை அமுக்காமல், 5.66 என்று காட்டும் நிலையிலேயே தூவுங்கள். எண் பூஜ்யத்தை விட்டுத் தள்ளி நிற்பதால் பெரும்பாலான தராசுகள் விழுங்காது. வந்த எண்ணிலிருந்து நாணயத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அல்லது பொருளை ஒரு காகிதத்தில் சேர்த்து, கையில் எடுத்து, ஒரே தடவையில் வையுங்கள்.

அப்புறம் மின்விசிறி. 0.01-க்கு மேலே விசிறி சுற்றினால் கடைசி இலக்கம் உட்காரவே உட்காராது.

மில்லிகிராம் தராசு: 50 கிராம், 0.001 கிராம்

50 முதல் 90 வெள்ளி. கண்ணாடி போன்ற மூடி, சின்னச் சாமணம், ஒன்றிரண்டு எடைக்கல் எல்லாம் பெட்டியிலேயே வரும். பார்க்க ஆய்வகச் சாமான் மாதிரி இருக்கும், அந்த ஆசையில்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். மூடாமல் நிறுத்தால் நீங்கள் விடும் மூச்சுக்கே எண் ஆடும். மூடினால் மூடியை மூடிய அதிர்ச்சி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் சிலது தானாகவே அணைந்துவிடும். ரத்தினக் கல் பார்க்கிறவர்களுக்கு (ஒரு காரட் 0.2 கிராம்தான்) இது தேவை. சமையலுக்கோ சோப்புக்கோ நகைக்கோ வேண்டாம். பாசி மணி, விதை மாதிரி ஒரே அளவிலான சின்னப் பொருள் என்றால் நூறை எண்ணி 0.01 தராசில் வைத்து நூறால் வகுத்துவிடலாம்.

எடைக்கல்லும் சேர்த்துத்தான் விலை

தராசு வாங்குகிறவர்கள் அதிகம் பேர் விட்டுவிடுவது இதைத்தான். டிஜிட்டல் தராசு பொருளை எடைக்கல்லோடு ஒப்பிடுவதில்லை. பூமி அந்தப் பொருளை எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து அதைக் கிராமாக மாற்றிச் சொல்கிறது. அந்த இழுப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டுக்கு அருகில் குறைவு, வடக்கே போகப் போகக் கூடுதல். சீனாவின் குவாங்சோவில் அது விநாடிச் சதுரத்துக்கு 9.788 மீட்டர், பினாங்கில் ஏறக்குறைய 9.781. அங்கே அளவு திருத்தி அனுப்பிய தராசு இங்கே 100 கிராமுக்குச் சுமார் 0.07 கிராம் குறைத்துக் காட்டும். சமையலறைத் தராசுக்கு இது தெரியவே தெரியாது. 0.01 தராசிலோ கண்ணெதிரே தெரியும், ஏழு படி பிசகு. பத்துப் பவுன் சங்கிலி என்றால் 80 கிராம், அதில் 0.06 காணாமல் போகும். கிராம் 400 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலே 24 வெள்ளி. பழைய இரட்டைத் தட்டுத் தராசில் இந்தத் தொல்லை கிடையாது, இரண்டு தட்டையும் ஒரே பூமிதான் இழுத்தது.

மருந்து எளிது. வீட்டில் ஒருமுறை எடைக்கல் வைத்துத் திருத்திவிட்டால் போயிற்று. பட்டனை அழுத்திப் பிடித்தால் திரையில் 'கேல்' என்று வரும், அப்புறம் எந்த எடை வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். அங்கேதான் கவனம்: சில தராசு 100 கிராம் கேட்கும், சிலது 200, 500 கிராம் தராசு 500-ஐயே கேட்டுவிடும். தராசை வாங்குமுன் அது எதைக் கேட்கும் என்று பார்த்து, அந்தக் கல்லையும் சேர்த்து வாங்குங்கள். கல்லில் எம்1 என்று வகுப்புப் போட்டிருக்க வேண்டும். எம்1 வகுப்பு 100 கிராம் கல்லில் பிசகு 5 மில்லிகிராமுக்குள், 0.01 தராசின் அரைப்படி. எம்2 என்றால் 16 மில்லிகிராம், ஒன்றரைப் படிக்கு மேல். வகுப்பே போடாத கல்லை வைத்துத் திருத்தினால் சரியாக இருந்த தராசையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

நகை என்று வந்தால்

மாமாவுக்கு 200 கிராம், 0.01 சட்டைப்பைத் தராசும், அது கேட்கும் எம்1 கல்லும் சொன்னேன். இரண்டும் சேர்ந்து ஐம்பது வெள்ளிக்குள் அடங்கும். குன்றிமணித் தங்கமானாலும் கணக்கில் வர வேண்டும் என்பார் மாமா. தோட்டுத் திருகாணி தனியாக 0.3 கிராம் இருக்கும், அதை இந்தத் தராசில் தனியாக நிறுக்க வேண்டாம், தோட்டோடு சேர்த்தே நிறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். கல் பதித்த நகையில் வருவது கல்லும் சேர்ந்த எடை. அதையும் நோட்டில் குறித்துவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் அடகுக் கடையில் எண் குறையும்போது மனக்கசப்பு.

தராசில் அலகை மாற்றும் பட்டனைத் தெரியாமல் அமுக்கிவிட்டால் 'டிஎல்' என்று வந்து நிற்கும். அது தாயல். பினாங்குக் கேம்பல் ஸ்ட்ரீட் பக்கச் சீன நகைக்கடைகளில் இன்றும் காதில் விழும் அளவு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு தாயல் 37.8 கிராம், ஹாங்காங்கில் 37.43, தைவானில் 37.5. உங்கள் தராசு எந்த ஊர்த் தாயலைக் காட்டுகிறது என்று பெட்டியில் எழுதியிருக்காது. கிராமிலேயே வைத்துக்கொண்டு பவுனுக்கு எட்டால் வகுப்பது பத்திரம்.

வீட்டில் நிறுத்த எண்ணை நீட்டிக்கொண்டு லிட்டில் இந்தியா நகைக்கடையில் சண்டைக்கு நிற்க முடியாது. வியாபாரத்துக்கான தராசுகள் 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தின்படி சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். கடைத் தராசில் அந்த ஸ்டிக்கர் இருக்கிறதா, எந்த ஆண்டுக்கானது என்று பார்ப்பது உங்கள் உரிமை. அதே சட்டம் நமக்கும்தான். அண்ணி நாளைக்கே சோப்பைக் கிராம் கணக்கில் விலை போட்டு விற்கக் கிளம்பினால் ஷோப்பித் தராசு செல்லாது, முத்திரை பெற்ற தராசு வேண்டும். ஒரு கட்டி இத்தனை வெள்ளி என்று விற்கும்வரை அந்தக் கவலை இல்லை.

எங்கே, எப்படி வாங்குவது

ஆன்லைனில் வாங்கினால் மலிவு. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் 2024 ஜனவரி 1 முதல் 500 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதை விலையோடு சேர்த்துப் பாருங்கள். உள்ளூர்க் கிடங்கிலிருந்து அனுப்புகிறவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது, திருப்பி அனுப்புவதும் சுலபம்.

கடையில் வாங்கினால் ஐந்தாறு வெள்ளி கூடும். மிஸ்டர் டிஐஒய் மாதிரிக் கடைகளில் சமையலறைத் தராசு தாராளமாகக் கிடைக்கும், 0.1, 0.01 வேண்டுமென்றால் பேக்கிங் சாமான் கடைகளையும் கொம்தார், பிராங்கின் பக்கத்து மின்சாமான் கடைகளையும் ஏறி இறங்க வேண்டும். அந்த ஐந்து வெள்ளிக்குக் கிடைப்பது, வாங்குமுன் சோதித்துப் பார்க்கும் வசதி. போகும்போது தங்க நிறத்து 50 சென் நாணயம் பத்து எடுத்துப் போங்கள். 2012-இல் புழக்கத்துக்கு வந்த அந்த நாணயம் ஒன்று 5.66 கிராம், 20 சென் என்றால் 4.18. தேய்மானம், அழுக்கு இருக்கும், அதனால் இதை எடைக்கல்லாக நினைக்க வேண்டாம். பார்க்க வேண்டியது வேறு. ஐந்து நாணயத்தை வைத்து எண்ணைக் குறியுங்கள், எடுத்துவிட்டு அடுத்த ஐந்தை வையுங்கள், பிறகு பத்தையும் சேர்த்து. கூட்டுத்தொகை ஒத்துவர வேண்டும். ஒரே நாணயத்தை நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்கள். மூலைக்கு மூலை எண் மாறினால் அந்தத் தராசு வேண்டாம். எல்லாவற்றையும் எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் 0.03 என்று நின்றால் அதையும் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பேட்டரியையும் பாருங்கள். சட்டைப்பைத் தராசில் டிரிபிள் ஏ போடுவதும் உண்டு, பொத்தான் பேட்டரி போடுவதும் உண்டு. டிரிபிள் ஏ மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பேட்டரி இறங்க இறங்க எண் நகர ஆரம்பிக்கும், தராசைச் சந்தேகப்படுமுன் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஏர்கோன் அறையிலிருந்து எடுத்து வந்தால் கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிட்டு நிறுங்கள். 200 கிராம் தராசின் தட்டைக் கட்டைவிரலால் அழுத்தி விளையாடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மூடியைப் போட்டு உயரத்தில் வையுங்கள். உள்ளே இருக்கும் அலுமினியத் துண்டு ஒருமுறை வளைந்துவிட்டால் எந்த எடைக்கல் வைத்தும் திருத்த முடியாது, இன்னொரு 25 வெள்ளிதான்.